மன்னிப்புக் கேட்டு ஒரு புகார்

நூல் நறுக்கும் சின்னக் கத்திரியைத் தேடித்தான் தையல்காரம்மா கணவரின் மேசை இழுப்பறையைத் திறந்தாள். கத்திரி கிடைக்கவில்லை. கட்டாக உறைகள் கிடைத்தன. அத்தனையும் வங்கியிலிருந்து வந்தவை. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. வந்த வரிசை குலையாமல் அடுக்கி, மேலே ரப்பர் வளையம் போட்டு, யாரோ வந்து கேட்டால் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய சாமான்போல வைத்திருந்தது.

“என்னங்க, இது என்ன?”

கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்த கணவர் பாதி நுரையோடு திரும்பினார்.

“அதுவா? பாங்க் ஸ்டேட்மென்ட்.”

“அது தெரியுது. ஏன் பிரிக்கலை?”

“பிரிச்சா மனசுக்குச் சங்கடம்.”

“யார் மனசுக்கு?”

“என் மனசுக்குத்தான். அவங்க பாவம், மாசாமாசம் தபால் செலவு பண்ணி அனுப்பறாங்க. வேணாம்னு சொல்ல முடியுமா? அதான் வாங்கி வச்சிருக்கேன்.”

தெரு முழுக்க அவரை ரிசப்ஷன்காரர் என்றுதான் அழைக்கும். நடுத்தரமான ஓர் ஓட்டலின் வரவேற்பு மேசையில் நின்றே தலை நரைத்தவர். வெந்நீர் வரவில்லை, பக்கத்து அறையில் குறட்டை, தலையணையில் வாடை என்று யார் வந்து கத்தினாலும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, “மன்னிக்கணும் சார், எங்க தப்புதான்” என்பார். அதற்குத்தான் சம்பளம். நாளாக ஆக அது சட்டையோடு கழற்றி மாட்டிவிட்டு வர முடியாத பழக்கமாகிவிட்டது. பேருந்தில் யாராவது அவர் காலை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்பவர் அவராகத்தான் இருப்பார். மனைவியின் தம்பி அவருக்கு வைத்த பெயர் ‘மன்னிப்பு அத்தான்’.

ஓட்டலைப் பழுதுபார்க்க மூடிவிட்டுப் பாதிச் சம்பளம் கொடுத்த காலத்தில் வீடு கிரெடிட் கார்டில் ஓடியது. மளிகை, மருந்து, வாடகை எல்லாம் அதில்தான். போதாததற்கு, ஓட்டலை மறுபடி திறந்த புதிதில் பர்சை மறந்துவிட்டேன் என்று கையைப் பிசைந்த ஒரு விருந்தாளியின் அறை வாடகையையும் ரிசப்ஷன்காரர் தன் கார்டிலேயே தேய்த்தார். பர்சை எடுக்கப் போன விருந்தாளி போனவர்தான். கட்ட முடியாமல் திணறியபோது வங்கியிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். மாதம் இவ்வளவு கட்டுங்கள், வட்டியை நிறுத்தி வைக்கிறோம், வழக்கு வம்பு என்று போக மாட்டோம் என்றாள். காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை, எல்லாம் பேச்சளவில். அன்றைக்கே தையல்காரம்மா கிரெடிட் கார்டைத் துணி வெட்டும் கத்திரியால் நான்காக வெட்டிக் குப்பையில் போட்டாள்.

அந்த மாதத் தவணைக்காகத்தான் ஓட்டலின் நாப்கின் மூட்டையை வீட்டுக்கு வரவழைத்தாள். சாப்பாட்டு மேசைத் துணிகள். நாலு பக்கமும் விளிம்பு மடித்துத் தைக்க வேண்டும். வருகிற துணிகளைத் தைத்துக் கொடுத்துச் சம்பாதிப்பது வீட்டுக்கு, மூட்டையில் வருவது கடனுக்கு என்று கணக்கு. சீக்கிரம் முடித்துத் தொலைக்கலாமே என்று சில மாதங்களில் இரண்டாவது மூட்டையும் எடுத்தாள். அதிலிருந்து அவளுடைய வலது தோள் கழுத்தோடு சேர்ந்து பிடித்துக்கொண்டது. அவள் வேறு எதையும் ஆசைப்படவில்லை. இது எப்போது முடியும் என்று ஒரு வார்த்தை தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

தையல் பிரிக்கிற ஊசியாலேயே உறைகளை ஒவ்வொன்றாகக் கிழித்தாள். கடைசி உறையின் அடியில் இருந்த தொகையைப் பார்த்தாள். முதல் உறையை எடுத்து அதன் தொகையைப் பார்த்தாள். மறுபடி கடைசி.

“என்னங்க, இங்க வாங்க.”

“நுரை இருக்கு.”

“இருக்கட்டும், வாங்க. கடன் அப்படியே இருக்கு.”

“அப்படியேவா?”

“நகக்கண் அளவு குறைஞ்சிருக்கு. அது ரெண்டாவது மூட்டை. முதல் மூட்டை எங்க போச்சு?”

ரிசப்ஷன்காரர் தாளை வாங்கி, நுரை சொட்டாமல் எட்டப் பிடித்துப் பார்த்தார். “மன்னிக்கணும்” என்றார்.

“நீங்க ஏன் கேக்கறீங்க?”

“யாராவது கேக்கணுமே.”

குழாய் ஒழுகுகிறது என்று வரச் சொல்லியிருந்ததால் தம்பி அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான். குழாய் வேலை அவன் தொழில். உரக்கப் பேசுவது அவன் சுபாவம். பையைத் தரையில் போட்டுவிட்டுத் தாள்களைப் பிடுங்கிப் பார்த்தான்.

“அக்கா, இதோ பாரு. மாசாமாசம் லேட் பீஸ். அதுக்குக் கீழ வரம்பு தாண்டினதுக்கு இன்னொண்ணு. மாசம் ரெண்டு அபராதம். நீ முதுகு உடையத் தைக்கிறதை இது ரெண்டும் உக்காந்து தின்னுடுது.”

“நாங்க ஒரு மாசம்கூடத் தவறினதில்லையேடா.”

“தவறலை. ஆனா நீங்க கட்டறது அவங்க மினிமத்தைவிடக் கம்மி. போன்ல பேசின பொண்ணு சரின்னுச்சு. கம்ப்யூட்டர்கிட்ட யாரு சொன்னா? அது பார்த்துச்சு, மினிமம் வரலை, போடு அபராதம். அந்த அபராதத்தால கடன் வரம்பைத் தாண்டிச்சு. போடு இன்னொரு அபராதம்.”

“இப்ப என்ன பண்றது?”

“திருப்பிக் கேளு. என் முதலாளி அவர் பாங்க்ல இப்படிக் கேட்டு வாங்கினாரே.”

ரிசப்ஷன்காரர் முகத்தில் நுரை காய்ந்து வெடித்தது. “மாப்ளே, என்ன பேசற? கடன் வாங்கினவன் கடன் குடுத்தவங்ககிட்டயே பணம் கேக்கறதா? அந்தப் பொண்ணு எவ்வளவு மரியாதையா பேசுது தெரியுமா? போன மாசம்கூட என் ரத்த அழுத்தத்தை விசாரிச்சுது.”

“அழுத்தம் குடுக்கறவங்களே விசாரிக்கறாங்களா? நல்ல பாங்க்தான் அத்தான்.”

“இல்லடா” என்றார் ரிசப்ஷன்காரர். “இது வாய் வார்த்தையில நிக்கிற ஏற்பாடு. ஊதினா விழுந்துடும். நாம புகார் குடுக்கப் போயி, அப்படியா, சரி மொத்தத்தையும் எடுத்து வைன்னு சொல்லிட்டா?”

“அப்படின்னா தவணையை நிறுத்துங்க. தானா வழிக்கு வருவாங்க.”

“நீ வாயை மூடு” என்றாள் அக்கா. “கட்டறதை நிறுத்திட்டா அப்புறம் போய்ப் பேச நமக்கு மூஞ்சி ஏது? தவணை அதுபாட்டுக்குப் போகும். இது வேற, அது வேற. என்னங்க, கடுதாசி எழுதற வேலை உங்களுக்குக் கைவந்ததுதானே. நீங்களே எழுதுங்க.”

“எழுதறேன். ஆனா மரியாதையா எழுதுவேன்.”

“மரியாதையா எழுதுங்க. பணத்தையும் எழுதுங்க.”

“வந்தா எனக்கு வர வேண்டியதை முதல்ல வெட்டுங்க” என்றான் தம்பி. ஓட்டல் மூடிக் கிடந்தபோது அவனும் கொஞ்சம் கொடுத்திருந்தான்.

“எனக்கும் ஒரு ஜோடி ஷூ வாங்கணும்” என்றார் ரிசப்ஷன்காரர். “மேசைக்குப் பின்னால நிக்கறதால யாருக்கும் தெரியலை. இடது கால்ல சாக்ஸ்தான் தரையில படுது.”

கையில் வராத பணத்தை இருவரும் பங்கு போடுவதைக் கேட்டுக்கொண்டே தையல்காரம்மா மெஷினை மிதித்தாள். தோள் சுரீர் என்றது.

விடுமுறை நாளில் ரிசப்ஷன்காரர் கடிதம் எழுதினார். காலையில் உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். அடித்தார், திருத்தினார், நல்ல தாளில் படியெடுத்தார். “எப்படி வந்திருக்கு?” என்றாள் மனைவி. “ரொம்ப நல்லா அமைஞ்சிருக்கு” என்று சொல்லி அவரே போய்த் தபாலில் போட்டார். மூட்டையில் மூழ்கியிருந்தவள் வாங்கிப் படித்துப் பார்க்கவில்லை. அதுதான் அவள் செய்த தவறு.

பதில் சீக்கிரமே வந்தது. அன்றைக்குத் தம்பியும் இருந்தான். போன தடவை சரிசெய்த குழாய் முன்னைவிட ஜோராக ஒழுகியதால் வந்திருந்தான். அவனே உறையைக் கிழித்து உரக்கப் படித்தான்.

“‘தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் மன்னிப்பை மனமார ஏற்றுக்கொள்கிறோம்.’”

தையல்காரம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

“திரும்பப் படி” என்றாள் அக்கா.

“‘மனமார ஏற்றுக்கொள்கிறோம். இனியும் தவறாமல் தவணை செலுத்தி ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ முடிஞ்சுது. கீழ கையெழுத்து.”

“என்னங்க, என்னத்தை எழுதினீங்க?”

ரிசப்ஷன்காரர் படியெடுக்கும் முன் எழுதிய தாளைக் கொண்டுவந்தார். அவள் வாங்கி, ஒவ்வொரு வரியாக, துணியில் கறை இருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் படித்தாள்.

“‘மதிப்புக்குரியீர், தங்கள் வங்கியின் வாடிக்கையாளராக இருப்பதில் பெருமை கொள்கிறோம்.’ பெருமையா?”

“ஆரம்பம் அப்படித்தான் வரணும்.”

“‘எங்கள் கணக்கில் சில அபராதங்கள் ஏற்பட்டிருப்பதை அறிந்து மிகவும் வருந்துகிறோம்.’ சரி, இது பரவாயில்லை. ‘இதனால் தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு எங்கள் ஆழ்ந்த மன்னிப்பைக் கோருகிறோம்.’ அவங்களுக்கு என்னங்க அசௌகரியம்?”

“அபராதம் போடறது ஒரு வேலைதானே. யாரோ ஒருத்தர் உக்காந்து போடணும்ல.”

தம்பி குழாய்ச் சாவியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

“‘இனி இவ்வாறு நிகழாது என்று உறுதி கூறுகிறோம். தங்கள் மேலான ஆதரவை என்றும் நாடும்...’ அவ்வளவுதான்! பணத்தைத் திருப்பிக் கேட்டது எந்த வரியில?”

“‘மேலான ஆதரவு’ன்னு இருக்கே. அதுல.”

“அதுலயா?”

“படிக்கறவங்க புரிஞ்சுக்கணும்.”

தம்பி தரையில் உட்கார்ந்தேவிட்டான். “அத்தான், பேசாம அவங்களுக்கு ஒரு பூங்கொத்தும் அனுப்பியிருக்கலாம்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அக்கா, நான் சொல்றேன், நீ எழுது. ‘ஏண்டா திருட்டுப் பசங்களா’ன்னு ஆரம்பி.”

“நீ குழாயைப் பாரு.”

தையல்காரம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கப் புகாருக்குப் பதில் எழுதிய மனிதர். புகார் எழுது என்றால் கை அதுபாட்டுக்குப் பதிலைத்தான் எழுதியிருக்கிறது. அவரை என்ன சொல்ல?

“சரி. எழுத வேணாம். போன்ல கேளுங்க. வாய் இருக்கில்ல?”

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஓட்டலிலிருந்தே பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மாலையில் படியேறும்போதே முகம் மலர்ந்திருந்தது. தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள்.

“கேட்டீங்களா?”

“கேட்டேன். அந்தப் பொண்ணு லீவாம். ஒரு பையன் பேசினான். தங்கமான பையன். முழுக்கக் கேட்டுக்கிட்டான்.”

“அபராதத்தைத் திருப்பித் தரானா?”

“அதுக்கு வேற பிரிவாம். ஆனா நான் இவ்வளவு பொறுமையா பேசறதைப் பார்த்து நமக்குன்னு ஒரு சலுகை குடுத்தான். கார்டு பாதுகாப்புத் திட்டம்.”

“அப்படின்னா?”

“கார்டு தொலைஞ்சு போச்சுன்னாலோ, யாராவது திருடிட்டாலோ நமக்கு ஒரு கவலையும் கிடையாது. எல்லாம் அவங்க பொறுப்பு.”

“எந்தக் கார்டு?”

ரிசப்ஷன்காரர் பர்சைத் திறந்தார். மூடினார்.

“நான் நாலா வெட்டிக் குப்பையில போட்ட கார்டா?”

“அவன் கேட்ட தோரணையில, இல்லைன்னு சொல்ல...”

“இதுக்கு மாசம் எவ்வளவு?”

சொன்னார். முதலில் அவள் காதில் விழவில்லை. அவ்வளவு மெதுவாகச் சொன்னார். விழுந்த பிறகு அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். சாப்பாடு வைக்கும்போது பேசவில்லை. அபராதத்தைத் திருப்பிக் கேட்கப் போன மனிதர் இன்னொரு அபராதத்தைக் கையோடு வாங்கி வந்திருக்கிறார். இனி அதற்கொரு மூட்டையா? ரிசப்ஷன்காரர் தட்டைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். தட்டும் பேசவில்லை.

“நாளைக்கு உங்களுக்கு லீவுதானே” என்றாள் கடைசியில். “பாங்குக்குப் போறோம். நான் பேசறேன்.”

“ஏற்பாடு முறிஞ்சுட்டா?”

“இப்ப இருக்கற ஏற்பாட்டுல நான் சாகறவரைக்கும் தைக்கணும். முறிஞ்சா என்ன, நிமிர்ந்தா என்ன?”

இப்படிச் சொன்னாளே தவிர, படுத்த பிறகு தலைக்குள் கணக்குத்தான் ஓடியது. மொத்தத்தையும் வை என்று சொல்லிவிட்டால் வைக்க எதுவும் இல்லை. மெஷினை விற்றால்கூடக் கால்வாசி தேறாது. மெஷினை விற்றால் பிறகு எதை வைத்துத் தைப்பது?

வங்கிக் கிளையில் டோக்கன் இயந்திரம் ஒன்று, வரிசையாக இரும்பு நாற்காலிகள், மூலையில் தூசி படிந்த பிளாஸ்டிக் செடி. தம்பியும் வேலைக்குப் போகிற வழியில் பையோடு வந்து சேர்ந்திருந்தான். வாய் திறப்பதில்லை என்று அக்காவிடம் சத்தியம் செய்த பிறகே உள்ளே விடப்பட்டான். ரிசப்ஷன்காரர் உள்ளே நுழைந்ததும் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவருக்கு வழிவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு ஒரு குடும்பம். ஒரு வயதான அம்மா இவரிடமே, “பென்ஷன் எந்தக் கவுன்ட்டர் தம்பி?” என்று கேட்டாள். இவரும், “நேரா போய் இடது பக்கம்மா, காத்திருக்க வச்சதுக்கு மன்னிக்கணும்” என்றார்.

“கதவை விடுங்க” என்றாள் மனைவி.

“விட்டா அவங்க மேல இடிக்கும்.”

டோக்கன் எண் அழைக்கப்பட்டபோது அவள்தான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

கண்ணாடி அறையில் இளவயது அதிகாரி ஒருவர் இருந்தார். கழுத்துப் பட்டை இறுக்கமாக இருந்ததால் விரலை உள்ளே விட்டு நெகிழ்த்திக்கொண்டே பேசினார். தையல்காரம்மா தாள்களை மேசையில் விரித்து, ஒவ்வொரு அபராதத்தின்மீதும் விரல் வைத்தாள். அதிகாரி பொறுமையாகப் பார்த்தார்.

“உங்களுக்கு இப்படி ஒரு அனுபவம் ஏற்பட்டதுக்கு ரொம்ப வருத்தப்படறேன், மேடம்.”

அவ்வளவுதான். ரிசப்ஷன்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

“நீங்க ஏன் சார் வருத்தப்படணும்? நாங்கதான் உங்க நேரத்தை எடுத்துக்கறோம். மன்னிக்கணும்.”

“இல்ல இல்ல சார், வாடிக்கையாளர் நேரில் வர்ற அளவுக்கு விட்டது எங்க தப்பு.”

“அப்படிச் சொல்லாதீங்க. ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கணும். எங்க தப்பு.”

“சார், தயவுசெஞ்சு. பொறுப்பு முழுக்க எங்களோடது.”

“உங்க பெருந்தன்மை. இருந்தாலும்...”

தையல்காரம்மா இவர் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு தலைகளும் ஒரே கோணத்தில் சாய்ந்திருந்தன. தம்பி சத்தியத்தைக் காப்பாற்ற உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“நீங்க அவரை மன்னிச்சாச்சு, அவர் உங்களை மன்னிச்சாச்சு” என்றாள் அவள். “ரெண்டு பேரும் நல்லா இருங்க. என் பணம்?”

அதிகாரி நிமிர்ந்தார். திரையைப் பார்த்தார். குரல் மாறியது.

“மேடம், உங்க ஏற்பாடு முறைப்படியான ஒப்பந்தம் இல்ல. வாய்மொழிதான். எங்க பதிவுல ‘வட்டி நிறுத்தம்’னு மட்டும்தான் இருக்கு. கட்டணத்தைப் பத்தி ஒண்ணும் இல்ல. நீங்க இதை எழுப்பினா முழு ஏற்பாடும் மறுபரிசீலனைக்குப் போகலாம்.”

ரிசப்ஷன்காரர் எழுந்துவிட்டார். “வா, போகலாம்” என்று மனைவியின் காதருகே சொன்னார். அவளுக்கும் பயம்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் வீட்டில் அந்த இரண்டு மூட்டைகள்.

“அந்தப் பொண்ணு போன்ல பேசினதைப் பதிவு பண்ணுவீங்கதானே?” என்றாள். “எடுத்தவுடனே ஒரு குரல் சொல்லுமே, ‘இந்த உரையாடல் பதிவு செய்யப்படும்’னு.”

“பண்ணுவோம்.”

“அதைப் போடுங்க. என்ன பேசினாங்கன்னு கேப்போம்.”

அதிகாரி தேடினார். கண்டுபிடித்தார். கோப்பின் நீளத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். “சாதாரணமா இந்த மாதிரிப் போன் இவ்வளவு நேரம் போகாது” என்றபடி பொத்தானை அழுத்தினார்.

அறையில் ரிசப்ஷன்காரரின் குரல் நிறைந்தது. முதலில் போனை எடுக்கத் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு அந்தப் பெண்ணுக்குச் சளி பிடித்திருப்பதாகத் தெரிகிறதே என்று விசாரித்தார். ஆவி பிடிக்கச் சொன்னார். அவள் அம்மாவின் முழங்கால் வலியைக் கேட்டு, படி ஏற விடாதே என்று அறிவுரை சொன்னார். அந்தப் பெண் எப்படியோ இடையில் புகுந்து தவணையைப் பற்றிச் சொன்னாள். உடனே இவர் நன்றி சொன்னார். மறுபடி நன்றி. இன்னொரு முறை.

“இவ்வளவையும் எனக்குச் சொல்லவேயில்லையே” என்றாள் மனைவி.

“மரியாதைக்குப் பேசினேன்.”

அதிகாரி பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். வேகமாக ஓட்டலாமா என்று கை போனது. “ஓட்டாதீங்க” என்றாள் தையல்காரம்மா. முழங்கால் வலி முடிந்து, வெயிலைப் பற்றிப் பேசி, கடைசியில் ரிசப்ஷன்காரரின் குரல் குழைந்தது.

“‘இதனால உங்களுக்குத் தொந்தரவு எதுவும் வராதேம்மா? மேலிடத்துல திட்டு கிட்டு?’”

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். “‘எனக்கு ஒண்ணும் வராது சார். உங்களுக்கும் ஒண்ணும் வராது. வட்டியும் வராது, லேட் பீஸ் மாதிரி எந்தக் கட்டணமும் வராது. நிம்மதியா இருங்க.’”

அதிகாரி பொத்தானை அழுத்தி நிறுத்தினார். பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். ‘எந்தக் கட்டணமும் வராது.’ விரலால் கழுத்துப் பட்டையை நெகிழ்த்தினார்.

இப்போது தம்பியின் சத்தியம் உடைந்தது. “அத்தான்! உங்க முழங்கால் கதை வீண்போகலை!”

“அவங்க அம்மாவோட முழங்கால்” என்று திருத்தினார் ரிசப்ஷன்காரர்.

அதிகாரி எழுந்து உள்ளே ஓர் அறைக்குப் போனார். போனவர் வரவே காணோம். தையல்காரம்மா மேசை விளிம்பில் பிரிந்திருந்த பிளாஸ்டிக் பட்டையைத் தன்னையறியாமல் மடித்து மடித்து அழுத்திக்கொண்டிருந்தாள். ரிசப்ஷன்காரர் அதிகாரியின் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் முறையாக அவருக்கும் மன்னிப்புக் கேட்க ஆள் கிடைக்கவில்லை.

அதிகாரி ஒரு தாளோடு திரும்பினார்.

“மேடம், சொன்ன சொல் எங்களோடதுதான். போட்ட அபராதம் எல்லாத்தையும் ரத்து பண்றோம். இனிமே வராது, கம்ப்யூட்டர்லயும் ஏத்தியாச்சு. அந்தக் கார்டு பாதுகாப்புத் திட்டம்...” சற்றுத் தயங்கினார். “கார்டே இல்லாததால அதையும் எடுத்தாச்சு. மாசத் தவணை பழையபடியே. அதுல மாற்றமில்ல.”

தம்பி தொடையில் தட்டினான். ரிசப்ஷன்காரர் ஒரு காலைத் தூக்கி ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

“ஆனா ஒரு விஷயத்துக்கு நீங்க மன்னிக்கணும்” என்றார் அதிகாரி. “உங்களுக்கு இன்னும் கடன் பாக்கி இருக்கறதால இந்தப் பணத்தைக் கையில தர முடியாது. கடன்லதான் கழிப்போம். அதுதான் விதி.”

தம்பியின் கை தொடையிலேயே நின்றது. ரிசப்ஷன்காரர் காலை மெதுவாகக் கீழே வைத்தார்.

“கையில ஒரு பைசாகூடவா வராது?” என்றான் தம்பி.

“வராது சார். ரொம்ப வருத்தம்.”

“எனக்கு வருத்தமில்லை” என்றாள் தையல்காரம்மா. “கையில குடுத்திருந்தா வாசல் தாண்டறதுக்குள்ள இவங்க ரெண்டு பேரும் பிச்சு எடுத்திருப்பாங்க. கடன்லயே கழிங்க. கழிச்சு, எப்ப முடியும்னு சொல்லுங்க.”

“மாசம் எவ்வளவு கட்டப்போறீங்க?”

“ஒரு மூட்டைன்னா எப்ப முடியும்? ரெண்டு மூட்டைன்னா எப்ப முடியும்?”

அதிகாரி ரிசப்ஷன்காரரைப் பார்த்தார். அவர் தாழ்ந்த குரலில் விளக்கினார்: தவணை மட்டும் ஒரு மூட்டை, அதற்கு மேல் கட்டுவது இரண்டாவது மூட்டை. அதிகாரி தட்டினார், எழுதினார், திரையை அவள் பக்கம் திருப்பினார்.

“ஒரு மூட்டைன்னா அடுத்த வருஷம் மழைக்கு முன்னால. ரெண்டுன்னா ஒரு மூணு மாசம் முன்கூட்டியே.”

தையல்காரம்மா திரையையே பார்த்தாள். ஒரு மாதத்தின் பெயர் இருந்தது. பக்கத்தில் பூஜ்யம். அவள் கண்ணை எடுக்காததைக் கண்டு கணவருக்குக் கலக்கம் பிடித்துவிட்டது.

“போதலையா? மன்னிக்கணும். நான் இன்னும் நல்லா...”

“சும்மா இருங்க” என்றாள். “படிச்சுக்கிட்டிருக்கேன்.”

அந்த வாரக் கடைசியில் வழக்கம்போல ரிசப்ஷன்காரர் தோளுக்கொன்றாக இரண்டு மூட்டைகளைச் சுமந்து படியேறி வந்தார். தையல்காரம்மா ஒன்றை இழுத்து மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மற்றதைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

“இதைத் திருப்பிக் கொண்டு போங்க.”

“ஏன்?”

“மூணு மாசம் முன்னாடி முடிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது? எனக்குத் தோள் வேணும். ஒண்ணு போதும்.”

“ஓட்டல்ல மூட்டை எடுத்துக் குடுக்கற துணி அறை அம்மா கேட்டா என்ன சொல்றது?”

“முடியாதுன்னு சொல்லுங்க.”

“முடியாதுன்னா? அப்படியேவா?”

“அப்படியே.”

ரிசப்ஷன்காரர் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்று யோசித்தார். பிறகு இறங்க ஆரம்பித்தார். மாடிப் படியில் அவர் ஒத்திகை பார்ப்பது மேலே கேட்டது.

“முடியாதுங்க... முடியாதும்மா... இந்த வாரம் முடியாது... மன்னிக்கணும்மா, முடியாது...”

தையல்காரம்மா கைப்பிடிச் சுவரில் எட்டிக் கத்தினாள்.

“மன்னிக்கணுமை விட்டுட்டுச் சொல்லுங்க!”

கீழே காலடிச் சத்தம் நின்றது.

“முடியாது” என்று ஒரு குரல் கேட்டது. மிக மெதுவாக. எதிரில் யாரோ படியேறி வந்திருக்க வேண்டும், உடனே அதே குரல் பதறியது: “ஐயோ, உங்களைச் சொல்லலை சார்!”

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். தோளை ஒரு முறை சுழற்றிப் பார்த்துவிட்டு, முதல் நாப்கினை எடுத்தாள்.